இரண்டு வாக்கர்களும் ஒரு பழனிவேலும்

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இப்போது என் இடத்தில் இருக்கும் பெண் போன வாரம் கைபேசியில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "சிஸ்டர், இங்க புது கம்ப்யூட்டர் வந்திருக்கு. குடும்பப் பேருங்கிற கட்டத்த காலியா விட்டா அடுத்த பக்கத்துக்கே போகமாட்டேங்குது. ஒத்தப் பேரு மட்டும் இருக்கிற பேஷன்ட்டுக்கு என்ன போடுறது? அப்பா பேர போட்டுரலாமா?"

ஓய்வு பெற்று, மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு, பிரஷர் மாத்திரை போட்டபடி சாதுவாக இருக்கிறேன் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தியைப் பார்த்ததும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. "போடாதே" என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன். "ஏன் சிஸ்டர்?" என்று கேட்டாள். அந்த ஏனுக்குக் கைபேசியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நடுநடுவே என் குரல் உயர்ந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் என் பெயரைச் சொல்லிவிடுகிறேன். கிரேஸ் வாக்கர். கறுப்பு நிறம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, அசல் குமரி மாவட்டத்துத் தமிழ், கடைசியில் இங்கிலாந்துக்காரன் பெயர். வளைகுடாவில் இருந்த காலம் முழுக்க இந்தப் பெயருக்கு விளக்கம் சொல்லியே என் தொண்டை வற்றியது. மலையாளிகள் ஆங்கிலோ இந்தியனா என்பார்கள். கோவாவா என்பார்கள் வடக்கத்தியர். ஆஸ்பத்திரி டிரைவர் ஒருவர், வாக்கர் என்ற விஸ்கி பாட்டிலின் மேல் தடியோடு நடந்துபோகிற ஆள் எனக்கு மாமனா சித்தப்பனா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். வேலைக்கு விண்ணப்பம் போட்டால் பெயரைப் பார்த்துவிட்டு மறுநாளே கூப்பிடுவார்கள். "வெல்கம் மிஸ் வாக்கர்" என்று தேன் ஒழுகும் குரல். நேரில் போய் நின்றால் வரவேற்பறையில் இருப்பவள் என் முதுகுக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாள். தோல் நிறம் தெரிந்ததும் சம்பளமும் நிறம் மாறிவிடும். வெள்ளைக்காரிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. இதை நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை அப்பா சொல்லியிருக்கிறார். அப்பாவின் தாத்தா சிறுவனாக மிஷன் விடுதியில் சேர்க்கப்பட்டவர். அந்த விடுதிகளில் ஒரு வழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் உள்ள ஒரு குடும்பம் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பும். பதிலுக்கு அந்தப் பிள்ளைக்கு அவர்கள் சொல்கிற பெயரை வைக்க வேண்டும். ஜோசப் வாக்கர் என்று பெயர் சொல்லி ஒரு குடும்பம் பணம் அனுப்பியது. முதலில் அந்தப் பெயரைப் பெற்ற பையன் காய்ச்சலில் போய்விட்டான். பணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அவன் படுத்த பாய், அவன் சாப்பிட்ட தட்டு, அவன் பெயர் மூன்றையும் அடுத்து வந்த பையனுக்குக் கொடுத்தார்கள். அந்த அடுத்த பையன்தான் எங்கள் வம்சத்துக்கு மூத்தவர். அவரைப் பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் கடைசிவரை அதைச் சொல்லவில்லையாம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் "சோறு போட்டானுவ, படிக்க வச்சானுவ, பொறவு என்ன?" என்று முடித்துவிடுவார். எனக்கு அப்படி முடிக்கத் தெரியாது.

நான் நர்சிங் படித்ததையும் சென்னையில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் மாறிமாறி நின்றதையும் விவரிக்கப் போவதில்லை. எல்லோரும் பட்ட பாடுதான். ஷார்ஜாவுக்குப் போனபோது என் தங்கை கல்யாணம் முடிந்திருந்தது, என் கல்யாணம் நடக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் நர்சிங் தலைவி ஓர் இங்கிலாந்துக்காரி. அவர் பெயரும் வாக்கர், எலிசபெத் வாக்கர்.

முதல் நாளே என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பத்திரம் தொங்கியது. மேலே கேடயமும் சிங்கமும். கீழே வளைந்த எழுத்தில் வாக்கர் என்ற பெயரின் தோற்றம், பொருள், அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்ற விவரம். அவர் ஊரில் இப்படிப் பெயர் சொன்னால் அச்சடித்துத் தருகிற கடைகள் உண்டாம். அவர் என் சான்றிதழ்களைப் பார்த்து முடிக்கும்வரை நான் அதைப் படித்துக்கொண்டு நின்றேன். வாக்கர் என்றால் நடப்பவர் அல்லவாம். நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறவர். அதே வேலைக்கு இங்கிலாந்தின் தெற்கில் ஃபுல்லர் என்றும் தென்மேற்கில் டக்கர் என்றும் பெயராம். வடக்கில் வாக்கர். அங்கே வீதிக்கு வீதி வாக்கர்கள் இருப்பார்களாம்.

மிஸ் வாக்கர் தலையை நிமிர்த்தினார். "கிரேஸ், ஒரு மருத்துவமனையில் இரண்டு வாக்கர்கள் இருந்தால் குழப்பம் வரும். நோயாளிகளின் பாதுகாப்புக்கு அது நல்லதல்ல. உன் பேட்ஜில் கிரேஸ் என்று மட்டும் போடச் சொல்கிறேன். உனக்குச் சம்மதம்தானே?"

அவர் ஆங்கிலத்தில் எல்லாக் கட்டளையும் கடைசியில் இப்படிக் கேள்வியாகத்தான் முடியும். 'அப்படியானால் நீங்கள் எலிசபெத் என்று மட்டும் போட்டுக்கொள்ளலாமே' என்பது வாய்வரை வந்தது. விசா இன்னும் அடிக்கவில்லை. "யெஸ் மேடம்" என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்கிற பங்களாதேஷ்காரர் சட்டையில்கூட முழுப்பெயர் இருந்தது. நான் மட்டும் வீட்டு நாய்க்குட்டி மாதிரி ஒற்றைப் பெயரோடு உலவினேன்.

மிஸ் வாக்கர் வேலையில் கெட்டிக்காரி என்பதை மறைக்க மாட்டேன். ரப்பர் அடிச் செருப்பு, சத்தமே வராது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மார்பில் தலைகீழாகக் குத்திய கடிகாரம், காதோரம் ஒரு முடிகூடக் கலையாத தலை. சாகக் கிடக்கிற நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பார், நிர்வாகிகள் கூப்பிட்டாலும் எழ மாட்டார். எங்கள் டூட்டி நேரத்தைக் கூட்டப் பார்த்த மேலாளரிடம் எங்களுக்காக மல்லுக்கு நின்றிருக்கிறார். ஆனால் எந்தக் கட்டிலுக்குப் போனாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மணிக்கட்டைப் பார்ப்பார். மணிக்கட்டில்தான் பெயர்ப்பட்டை இருக்கும். பட்டையில் இருக்கிற குடும்பப் பெயரோடு மிஸ்டர் சேர்த்துத்தான் யாரையும் கூப்பிட வேண்டும். கூலித் தொழிலாளியானாலும் மிஸ்டர். அதைத் தன் பெரிய மரியாதையாக நினைத்தார்.

அந்தப் பட்டை விதியை விளக்கிவிடுகிறேன், பின்னால் நடந்தது புரிய வேண்டும். பட்டையில் இடம் குறைவு. அதனால் குடும்பப் பெயர் முழுதாகவும் சொந்தப் பெயருக்கு முதல் எழுத்தும் அச்சாகும். மருந்து கொடுக்கும் முன், ஊசி போடும் முன், ஸ்கேனுக்கு அனுப்பும் முன் நோயாளியிடம் "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்வது பட்டையோடு பொருந்த வேண்டும். தலையில் அடிபட்டவர் என்றால் இதுவே புத்தி தெளிவாக இருக்கிறதா என்பதற்கும் முதல் சோதனை. இங்கிலாந்துக்காரனுக்கு இது அருமையான விதி. நம் ஆட்களுக்கு? நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பன் பெயர்தான் இருக்கும். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன் ஒருவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அவன் கையில் அவன் அப்பன் பெயர் கட்டப்படும்.

ஒரு வருடம் கிறிஸ்துமஸுக்கு மிஸ் வாக்கரின் அண்ணன் வந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கலகலப்பான மனிதர். நானும் வாக்கர்தான் என்றதும் கையைக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். "என் தங்கை சுவரில் சிங்கத்தை மாட்டியிருக்கிறாளே, முழுக் கதையைச் சொன்னாளா? கம்பளியில் எண்ணெய்ப் பிசுக்குப் போக அந்தத் தொட்டியில் எதை ஊற்றுவார்கள் தெரியுமா? வீடு வீடாகச் சேகரித்துப் புளிக்க வைத்த மூத்திரம். அதில் முழங்கால்வரை நின்று நாள் பூராவும் மிதித்தவர்கள்தான் நம் முன்னோர்கள், என் உறவுக்காரி!" என்று சிரித்தார். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். மிஸ் வாக்கர் கேக் வெட்டப் போய்விட்டார்.

அன்று இரவு அறையில் படுத்தபோது சிரிப்பு வரவில்லை. எங்கள் நாட்டில் ஒருவன் செய்கிற தொழிலை அவன் பெயரோடு ஒட்டினால் அது சாதி. அதைக் கழற்றிப் போடத்தான் எங்கள் ஆட்கள் மிஷன் வாசலில் போய் நின்றார்கள். பெயருக்குப் பின்னால் வால் வேண்டாம் என்றுதான் தமிழ்நாட்டில் எல்லோரும் ஒற்றைப் பெயரோடு அப்பா பெயரின் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம். அவர்கள் நாட்டில் மூத்திரத் தொட்டியில் மிதித்த தொழில் சிங்கத்தோடு கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. தொங்கட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து எங்கள் கழுத்திலும் மாட்டியதுதான் வயிற்றெரிச்சல்.

இனி பழனிவேல்.

ஓணத்தை ஒட்டிய நாட்கள். மலையாளப் பிள்ளைகளில் பாதிப்பேர் லீவில் போயிருந்தார்கள். நான் மேல் மாடியில் இன்சார்ஜ். கீழே ஆண்கள் வார்டில் அன்று பகல் டூட்டியில் இருந்தவள் மேரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண், நல்ல பிள்ளை. டாக்டர் வடக்கத்தியர். காலையில் ஒரு கட்டட சைட்டில் சாரத்திலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். நெற்றியில் சிராய்ப்பு. நடந்தே வந்தாராம். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றையும் பார்த்தார்கள், இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் இருபத்து நான்கு மணிநேரம் வைத்துப் பார்க்கலாம் என்று கட்டில் கொடுத்தார்கள். கையில் பட்டை ஏறியது. சின்னத்தம்பி, பி.

மேரிசெல் பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னதை வைத்து எழுதுகிறேன். மதியம் அவள் போய் "மிஸ்டர் சின்னத்தம்பி" என்று கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. தோளைத் தொட்டுச் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் முகம் மாறிவிட்டது. யோசித்துப் பாருங்கள், முன்பின் தெரியாத ஒரு சின்னப்பெண் முகத்துக்கு நேராக நின்று அப்பன் பெயரைச் சொல்லிக் கத்தினால் நம் ஊர்க்காரனுக்கு எப்படி இருக்கும்? சட்டையைப் பிடிப்பதற்குச் சமம். அவர் தமிழில் ஏதோ கடுமையாகச் சொல்லியிருக்கிறார். பெயர் என்ன என்று கேட்டதற்கு பழனிவேல் என்றிருக்கிறார். பட்டையில் அது இல்லை. பட்டையைக் காட்டி, "சின்னத்தம்பி யாரு?" என்று தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டிருக்கிறாள். அவரும் சைட்டில் கற்ற ஹிந்தியில் பதில் சொல்லியிருக்கிறார்.

"சின்னத்தம்பி மர் கயா."

சின்னத்தம்பி செத்துவிட்டான். தலையில் அடிபட்ட நோயாளி, தன் பெயர் தெரியவில்லை, தான் செத்துவிட்டதாகச் சொல்கிறார், கோபப்படுகிறார். மேரிசெல் விதிப்படி டாக்டருக்குப் போன் செய்தாள். தலைக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம், மறுபடி ஸ்கேனுக்கு எழுது, அதுவரை அமைதிப்படுத்த ஊசி போடு என்றார் டாக்டர். ஊசி போட வந்தால் அவர் கையைத் தட்டிவிட்டு வயிற்றைக் காட்டிக் காட்டிக் கத்தியிருக்கிறார். ஆட்கள் வந்து பிடித்தார்கள். இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணிப்பட்டையால் கட்டினார்கள். நாடி வேகமாக ஓடியது, ஆர்ப்பாட்டத்தால் என்று நினைத்தார்கள். வியர்த்தது, அதற்கும் அதையே காரணம் சொன்னார்கள். ஸ்கேன் அறையில் கூட்டம். எல்லோரும் அவர் தலையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகுதான் யாருக்கோ மேல்மாடியில் ஒரு தமிழ்க்காரி இருக்கிறாள் என்பது ஞாபகம் வந்தது. நான் இறங்கிப் போனேன். முகத்தைப் பார்த்தேன். வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தது. மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

"தம்பி, உங்க பேரென்ன?"

கண்ணைத் திறக்கவே பாடுபட்டார். "பழனிவேலுங்க."

"பழனிவேலு, எங்க வலிக்குது?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். "தமிழாக்கா? அக்கா, வயித்துல இடப்பக்கம் பிச்சுக்கிட்டுப் போவுது. தோள்பட்டை வரைக்கும் இழுக்குது. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், எங்கப்பன் பேரையே சொல்லிக்கிட்டு நிக்கிறாளுவ. கையை அவுத்து விடச் சொல்லுக்கா."

வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி இருந்தது. மண்ணீரல் கிழிந்து முதலில் மெல்லக் கசிந்து பிறகு உடைந்திருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் சர்ஜன் ஓடி வந்தார். வயிற்றைத் தொட்டவர் தானே தள்ளுவண்டியைப் பிடித்துத் தள்ளினார். கைக்கட்டை நான்தான் அவிழ்த்தேன். "பழனிவேலு, பயப்படாதீங்க, நான் வெளியதான் நிக்கேன்" என்றேன். தலையை ஆட்டினார். ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவர் திரும்பி வரவில்லை.

நான் எழுத வந்த கோபம் இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் நோயாளிகளைப் பார்க்கிற நேரத்தில் கீழே வரவேற்பில் ஒரு தகராறு என்று கூப்பிட்டார்கள். முவைலா தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஒருவர், காளிமுத்து என்று பெயர், பழனிவேலின் ரூமில் இருப்பவர், ஒரு பிளாஸ்கில் கஞ்சியோடு நின்றுகொண்டிருந்தார். பழனிவேல் என்று இங்கே யாரும் இல்லை என்று வரவேற்புப் பெண் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"நேத்து சேத்தமுங்க இங்கதான். சாரத்துலருந்து விழுந்த பையன். எந்த ரூமுன்னு மட்டும் சொல்லுங்க, கஞ்சிய குடுத்துட்டுப் போயிர்றேன், டூட்டிக்கு வண்டி வந்துரும்."

"உங்க கேம்ப்புக்குத் தகவல் வரலையா அண்ணாச்சி?" என்றேன்.

"என்ன தகவலு? யாரோ சின்னத்தம்பின்னு ஒரு ஆளு ஆஸ்பத்திரில இறந்துட்டாருன்னு கேம்ப் பாஸ் வந்து கேட்டாரு. எங்க கேம்ப்புல அப்படி ஆளே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டோம்."

சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிளாஸ்கை மெதுவாகத் தரையில் வைத்தார். நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அவன் சம்சாரத்துக்குப் போன் போட்டுத் தர்றேன், நீங்களே சொல்லுங்கம்மா. என்னால முடியாது" என்று கைபேசியை நீட்டினார்.

எடுத்தது பழனிவேலின் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்றதும் அவரே முந்திக்கொண்டார். "நேத்தும் ஒருத்தர் மலையாளத் தமிழ்ல பேசுனாரு, சின்னத்தம்பி எறந்துட்டாருன்னு. அவரு எங்க மாமனாருங்க, அவரு செத்து எம்புட்டு வருசமாச்சுன்னு சொல்லி வச்சிட்டேன். எதுக்குங்க திரும்பத் திரும்ப இதையே கேக்குறீங்க?"

முப்பது வருடத்துக்குப் பக்கம் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். எத்தனையோ சாவுச் செய்தி சொல்லியிருக்கிறேன். முந்தின நாள் தன் புருஷன் செத்த செய்தியைக் கேட்டு, வேறு யாரோ என்று போனை வைத்துவிட்டுச் சோறாக்கப் போன ஒரு பெண்ணிடம் எதிலிருந்து ஆரம்பிப்பது? உங்கள் வீட்டுக்காரர், பழனிவேல் என்றேன். பெயரைச் சொன்னதும் கேட்ட அலறலை இங்கே எழுத முடியாது. நான் போனை வைக்கவில்லை. அழுது ஓய்ந்து அவர் கேட்டது ஒரே கேள்வி.

"கடைசில யாராச்சும் அவுகள பேரு சொல்லிக் கூப்புட்டீங்களாக்கா?"

"நான் கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தாரு."

"அது போதுங்க" என்றார்.

அவருக்குப் போதும். எனக்குப் போதவே போதாது.

நேராக மிஸ் வாக்கரின் அறைக்குப் போனேன். அவர் மேரிசெல்லின் பதிவுகளை எல்லாம் படித்து முடித்திருந்தார். "உட்கார், கிரேஸ். வருத்தமான விஷயம். ஆனால் விதிமுறையில் ஒரு இடத்திலும் தவறு நடக்கவில்லை" என்றார்.

"அதைத்தான் சொல்ல வந்தேன் மேடம். மேரிசெல் விதிப்படிதான் நடந்தாள், டாக்டரும் விதிப்படிதான் நடந்தார். நோயாளி உண்மையைச் சொன்னார், அதனால் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டினோம். பட்டையில் அவர் பெயரே இல்லை, அவர் அப்பா பெயர் இருந்தது. பட்டையை மாற்றுங்கள். சொந்தப் பெயரை முழுதாகப் போடுங்கள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவர்களையே கேட்டு எழுதுங்கள்."

"எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு, கிரேஸ்."

"இல்லை மேடம். எங்களுக்குக் கிடையாது."

"உனக்கு இருக்கிறதே" என்றார் மிருதுவாக.

"அதைத்தான் நான் வந்த முதல் நாளே நீங்கள் எடுத்துவிட்டீர்கள்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, கதவுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாம் கேட்டிருப்பார்கள். "குடும்பப் பெயர் இருந்த எனக்கு அது வேண்டாம் என்றீர்கள். இல்லாத மனுஷனுக்கு ஒன்றைக் கட்டிவிட்டீர்கள். உங்கள் பெயருக்குச் சுவரில் இவ்வளவு இடம் இருக்கிறது, பழனிவேலின் பெயருக்கு அவர் மணிக்கட்டில் இடம் இல்லையா?"

அவர் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "நீ களைத்திருக்கிறாய். இன்று வீட்டுக்குப் போ. போகிறாய் அல்லவா?" என்றார்.

வீட்டுக்குப் போகவில்லை. ஆண்கள் வார்டுக்குப் போனேன். காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை டேப்பைக் கிழித்து, ஒவ்வொரு கட்டிலாகப் போய், "உங்களை என்ன சொல்லிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுக் கேட்டு எழுதித் தலைமாட்டில் ஒட்டினேன். மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை. கிருமி தொற்றுமாம், கிழித்துப் போடச் சொல்லியிருந்தார் மிஸ் வாக்கர். மறுபடி ஒட்டினேன். மறுபடி கிழித்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாவது தடவை நான் ஒட்டப் போனபோது மேரிசெல் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தியைத் திட்டலாம், எல்லோரையும் என்ன செய்வது? கடைசியில் மிஸ் வாக்கர் டேப்பைப் பார்த்தும் பார்க்காதது போலப் போக ஆரம்பித்தார். பட்டை மட்டும் மாறவில்லை. நான் இருந்தவரை மாறவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் மிஸ் வாக்கரும் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பும் ஏற்பாட்டில் இருந்தார். கேக், பூங்கொத்து, பேச்சு எல்லாம் முடிந்ததும் என்னை அறைக்கு அழைத்தார். பெட்டிகள் பாதி கட்டியிருந்தன. சுவரில் சட்டம் இல்லை. அது மேசை மேல், ரிப்பன் கட்டி இருந்தது.

"இது உனக்கு. இனி இங்கே இரண்டு வாக்கர்கள் என்ற பிரச்சினை இல்லை. நியாயமாக இது உன்னுடையதும்தானே?" என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, எனக்குத் தெரியும். இத்தனை வருடம் கூடவே வேலை பார்த்தவர். நானும் கை நீட்டினேன். வாங்கிக்கொண்டேன்கூட. இவருக்கு உள்ளுக்குள் உறுத்தியிருக்கிறது என்று அந்த ஒரு நிமிடம் நம்பினேன்.

"மேடம், அந்த நோயாளியை நினைத்துத்தான் இதைத் தருகிறீர்களா? கையைக் கட்டிப் போட்டிருந்தோமே, அவரை?"

மிஸ் வாக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரை நான் மறக்கவே இல்லை, கிரேஸ். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவருக்காக ஜெபம் செய்திருக்கிறேன். பாவம், மிஸ்டர் சின்னத்தம்பி."

கையை விடுவித்துக்கொண்டேன். சட்டத்தை, சிங்கம் தெரியாதபடி, மேசை மேல் கவிழ்த்து வைத்தேன். "அவர் பேரு பழனிவேல்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.